பாப்பாவும் ஓர் ஆள்தான்!

கேள்வி: அங்கன்வாடி டீச்சர் சர்வேக்கு வந்து “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டார். என் மாமியார் “நாலு பேர்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். தொட்டிலில் கிடந்த ஏழு மாதக் குழந்தையைச் சேர்க்கவே இல்லை. கேட்டால், “அதெல்லாம் ஒரு பேரா?” என்கிறார்.
*மருமகள், ஏகாம்பரகுப்பம்*

பதில்: பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லையோ? பேர் வைக்காத பிள்ளை எப்படி ஒரு ‘பேர்’ ஆகும் என்று யோசித்திருப்பார். விடுங்கள், உங்கள் மாமியாருக்கு உலகம் முழுக்கத் தங்கைகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2020-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் மேல் விடுபட்டுப்போனார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் தொட்டில்கள்! அவ்வளவு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஊரிலேயே பாட்டிதான் ஜெயித்திருக்கிறார். நாளைக்கே டீச்சரைப் பார்த்து “நாலு இல்லை, அஞ்சு” என்று சொல்லுங்கள். 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவரிடமும் அதையே சொல்லுங்கள். பேர் வைக்காவிட்டால் பரவாயில்லை. “இன்னாருடைய குழந்தை” என்று எழுதிக்கொள்ளட்டும். பேர் பிறகு வரும், கணக்கு திரும்பி வராது.

கேள்வி: தலைப்பிரசவம் திருத்தணி ஆஸ்பத்திரியில். அம்மா வீடும் அங்கேதான். இப்போது நகரிக்கு வந்துவிட்டேன். என் பிள்ளை எந்த மாநிலக் கணக்கு?
*இளம் தாய், நகரி*

பதில்: 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திரப் பக்கம் நின்றது. எல்லைக் கல்லுக்குத் தெரிந்த அந்தச் சங்கதி வயிற்றுப் பிள்ளைக்குத் தெரியாது. மூன்று விஷயத்தைத் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவு, பிறந்த இடத்தில்: அதனால் சான்றிதழ் திருத்தணியில்தான் கிடைக்கும். சத்துணவு, இருக்கிற இடத்தில்: அதனால் நகரி அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள், அங்கே பதிந்திருந்த பெயரை இங்கே மாற்றிக்கொள்ள ‘போஷன் டிராக்கர்’ செயலியில் வழி இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கு, வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டில்: அதனால் நகரிதான். அம்மா வீடு “அங்கே எழுதியிருப்பார்கள்” என்றும், மாமியார் வீடு “அங்கேதானே இருந்தது” என்றும் நினைத்துக்கொண்டிருந்தால், பிள்ளை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ரயில்வே கேட்டிலேயே நின்றுவிடும்.

கேள்வி: என் பேரன் அங்கன்வாடியிலிருந்து வந்து “டீச்சர் குட்டு குடுத்தாங்க அவ்வா” என்றான். பிள்ளையைத் தலையில் குட்டலாமா என்று சண்டைக்குப் போய்விட்டேன். அங்கே போனால் எல்லோரும் சிரிக்கிறார்கள்!
*பாட்டி, பாலசமுத்திரம்*

பதில்: தமிழில் குட்டு தலையில் விழும், தெலுங்கில் குட்டு தட்டில் விழும். அவன் சொன்னது கோழி முட்டை! இனி அவனுக்குத் தினமும் ‘குட்டு’ விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். ஒருநாள் விழவில்லை என்றால் அன்றைக்குச் சண்டைக்குப் போங்கள், தப்பே இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளுக்கு இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம் என்று கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்பது 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். டீச்சர் மனசு வைத்துப் போடுகிற முட்டை இல்லை அது, சட்டம் போடுகிற முட்டை.

கேள்வி: பிள்ளைக்கு வயசு கேட்டால் மூன்று என்று சொல்வதா, நான்கு என்று சொல்வதா? நாங்கள் “நாலு நடக்குது” என்போம்.
*பவர்லூம் தொழிலாளி, நகரி*

பதில்: கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது குறைத்துச் சொல்வோம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட்டிச் சொல்வோம். அரசாங்கக் கணக்கில் இரண்டும் வேண்டாம். நடக்கிற வயசை விட்டுவிட்டு முடிந்த வயசைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு மூன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பூஜ்யம் என்று எழுதுவார்கள். “என்ன, என் பிள்ளைக்குச் சைபரா?” என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வயசுதான் சைபர், ஆள் ஒன்று.

கேள்வி: கடைசியாக எப்போது சார் நம்மை எண்ணினார்கள்?
*ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், புத்தூர்*

பதில்: 2011-ல். 2021-ல் எடுக்க வேண்டியதைக் கொரோனா தள்ளிப்போட்டது. பிறகு கொரோனா போயும் கணக்கு வரவில்லை. அடுத்த கணக்கின் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1, நள்ளிரவு 12 மணி. அதாவது, 2011 மார்ச்சில் கணக்கு முடிந்த மறுநாள் பிறந்த பிள்ளை, முதல்முறையாக எண்ணப்படும்போது பத்தாம் வகுப்பைத் தாண்டி மீசையைத் தடவிக்கொண்டிருப்பான்.

இதில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. ரேஷன் அரிசி நாட்டில் எத்தனை பேருக்கு என்ற உச்சவரம்பு, சுமார் 81 கோடி, அந்த 2011 கணக்கை வைத்துப் போட்டதுதான். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அரிசி தர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் நகர்ந்து இடம் விட வேண்டும். நீங்கள் நிற்கிற வரிசை நகராததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நான் தமிழ், வீட்டுக்காரர் தெலுங்கு. பிள்ளை இன்னும் “ங்கா”தான் சொல்கிறது. தாய்மொழி என்ன என்று எழுதச் சொல்ல?
*ஒரு தாய், நாகலாபுரம்*

பதில்: ‘ங்கா’ இரண்டு மொழியிலும் உண்டு என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீர்கள். கணக்கெடுப்பு விதி இதற்கு ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிவிட்டது: பேசத் தெரியாத குழந்தைக்கு அதன் தாய் வழக்கமாகப் பேசும் மொழியே தாய்மொழி. பெயரிலேயே பதில் இருக்கிறது பாருங்கள், ‘தாய்’மொழி!

இது வெறும் பெருமைக்கு எழுதும் கட்டம் இல்லை. சிறுபான்மை மொழியில் தொடக்கக் கல்வி கேட்க, வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது பள்ளியில் 40 பிள்ளைகள் என்பது 1949-லிருந்து வருகிற அளவுகோல். 1956-ல் சேர்ந்த அரசியல் சட்டப் பிரிவு 350-அ தாய்மொழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. எல்லையோரத்தில் தமிழ்ப் பள்ளிக்கு ஆள் இல்லை என்று சொல்லிப் பூட்டும் முன், ஆள் இருப்பதை எண்ணிக் காட்ட வேண்டியிருக்கிறது. பத்தாவது பிள்ளை உங்களுடையதாக இருக்கலாம்.

கேள்வி: “குள்ளம் எங்கள் பரம்பரை” என்று சொன்னால் டீச்சர் கேட்க மாட்டேன் என்கிறார். உயரம், எடை என்று மாதாமாதம் உயிரை எடுக்கிறார்.
*ஒரு அப்பா, புத்தூர்*

பதில்: கை ஒடிந்தால் சென்னையிலிருந்துகூட உங்கள் ஊர் எலும்புக் கட்டுக்கு வண்டி கட்டி வருகிறார்கள். வளராத எலும்புக்கு எந்தப் பச்சிலையும் உதவாது. உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இருக்கிறதே, அதை வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் அளந்து போடவில்லை. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்காவோடு நம் இந்தியாவிலும் அளந்தார்கள். வயிறார உண்டு நோயில்லாமல் இருந்தால், முதல் ஐந்து வயதில் ஆறு நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வளர்ந்தார்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திராவில் ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சொந்தம், ஒரே ரத்தம். பரம்பரை ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில் இறங்கி மாறுமா என்ன? டீச்சர் எடுப்பது உயிரை இல்லை, எடையை. எடுக்கட்டும்.

கேள்வி: நானும் மனைவியும் தறி ஷெட்டில். பிள்ளையைத் தறிக்குப் பக்கத்திலேயே சேலையில் தொட்டில் கட்டிப் போட்டிருக்கிறோம். சட்டத்தில் குழந்தைகள் காப்பகம் உண்டாமே?
*தறித் தொழிலாளி, நகரி*

பதில்: உண்டு. 2017-ல் பேறுகாலப் பயன் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும். உங்கள் ஷெட்டில் தறியைச் சேர்த்து எண்ணினாலும் ஐம்பது வராது! சட்டம் பெரிய மில்லைப் பார்த்து எழுதப்பட்டது. நகரியோ சின்னச் சின்ன ஷெட்டாகப் பிரிந்து கிடக்கிறது. தனித்தனியாக எண்ணினால் யாருக்கும் காப்பகம் இல்லை. தெருவையே ஒரு மில்லாக எண்ணினால் பத்துக் காப்பகம் தேவைப்படும். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் இருக்கிறது. தெருவில் ஆறு வயதுக்குள் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வார்டு சச்சிவாலய அலுவலகத்தில் கொடுங்கள். தறிச் சத்தத்தில் பிள்ளை அழுவது உங்களுக்கே கேட்காது, அரசாங்கத்துக்கு எப்படிக் கேட்கும்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் அங்கன்வாடியே இல்லை. மூன்று கிலோமீட்டர் போக வேண்டும்.
*ஊர்ப் பெரியவர், நிண்ட்ரா*

பதில்: ஒரு மாய எண் சொல்கிறேன்: நாற்பது. 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஆறு வயதுக்குள் 40 பிள்ளைகள் இருக்கிற ஊரகக் குடியிருப்போ குடிசைப் பகுதியோ அங்கன்வாடி கேட்டால், கேட்ட மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்கள்போல் இருக்கிறார்கள். முதலில் எண்ணுங்கள். முப்பத்தெட்டில் நின்றால், தொட்டிலில் இருப்பதையும் தோளில் தொங்குவதையும் விட்டுவிட்டீர்களா என்று இன்னொரு முறை தெருவைச் சுற்றுங்கள். குறைந்த மக்கள் உள்ள இடத்துக்குச் சின்ன அங்கன்வாடியும் உண்டு.

கேள்வி: பிள்ளைக்கு ஆதார் இல்லையென்றால் ஒன்றுமே கிடைக்காதாமே?
*பெயர் வேண்டாம், கார்வேட்டிநகரம்*

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், பிள்ளைக்குப் பெயர் வேண்டும். ஐந்து வயது வரை தருவது நீல நிற ஆதார். கைரேகை, கருவிழி எதுவும் எடுக்க மாட்டார்கள், போட்டோ மட்டும். ஐந்து நிறைந்ததும் கைரேகையைச் சேர்க்க வேண்டும். எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் எந்த உதவியையும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கன்வாடியில் தாயின் ஆதார் போதும். யாராவது “கார்டு கொண்டு வா, அப்புறம் சோறு” என்றால், “சோறு போடுங்கள், பிள்ளை தெம்பாக வந்து போட்டோவுக்கு நிற்கும்” என்று சொல்லுங்கள்.

கேள்வி: செங்கல் சூளையில் இருக்கும் யானாதிப் பழங்குடிக் குடும்பங்களில் பல பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. இனி எடுக்க முடியுமா?
*தன்னார்வலர், சத்தியவேடு*

பதில்: முடியும், கால் வலிக்கும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமே இல்லை. 30 நாள் வரை சிறு அபராதம். ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு. ஆஸ்பத்திரியில் பிறந்தால் பதிவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. சூளை ஓரத்தில் ஓலைக் கொட்டகையில் பிறந்தால் குடும்பத் தலைவரின் பொறுப்பு. அதாவது, அலுவலகத்துக்கு ரொம்பத் தூரத்தில் இருப்பவர் தலையில்தான் ரொம்ப வேலை.

இப்போது அவசரமும் கூடிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். சூளை முதலாளி ஒவ்வொரு கல்லையும் எண்ணித்தான் கூலி கொடுக்கிறார். கல்லுக்கு இருக்கிற கணக்கு, கல் அறுப்பவர் பிள்ளைக்கும் இருக்க வேண்டாமா?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆந்திர அரசின் ‘தல்லிகி வந்தனம்’ திட்டத்தில் 15,000 ரூபாய். பள்ளி போகாத சின்னப் பிள்ளைக்கு?
*அம்மா, பிச்சாட்டூர்*

பதில்: தாய்க்கு வணக்கம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். 2025 ஜூனில் தொடங்கியபோது வீட்டில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று சொன்னது நல்ல சங்கதி. அதில் 13,000 தாய் கணக்குக்கு, 2,000 பள்ளிக்கு. அதற்கு முன்பான வயதில், முதல் பிரசவத்துக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா 5,000. இரண்டாவது பெண்ணாக இருந்தால் 6,000. நடுவில் இருக்கிற ஐந்து வருடத்துக்குப் பணம் இல்லை, அங்கன்வாடிதான் உண்டு. பயிருக்கு நாற்றங்காலில் தண்ணீர் விடாமல் கதிர் வந்ததும் மோட்டார் போடுகிற விவசாயியைப் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை.

கேள்வி: அதிகம் பிள்ளை பெறுங்கள் என்கிறாரே முதல்வர்?
*புது மாப்பிள்ளை, சித்தூர்*

பதில்: காலம் செய்த கூத்து! இரண்டுக்கு மேல் பெற்றால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற 1994-ம் ஆண்டு விதியை ஆந்திரச் சட்டமன்றம் 2024 நவம்பரில் நீக்கிவிட்டது. மூன்றாவது பிள்ளைக்கு வரவேற்பு தயார். வந்து சேர்ந்துவிட்ட முதல் இரண்டையும் எடை பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: முகத்தைக் காட்டினால்தான் சத்து மாவு. நெட்வொர்க் இல்லாமல் வெயிலில் நின்று முகமே கறுத்துவிட்டது!
*ஒரு அம்மா, வடமாலப்பேட்டை*

பதில்: அப்புறம் அந்தக் கறுத்த முகத்தை மெஷின் அடையாளம் தெரியாது என்று சொல்லும்! 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு முகப் பதிவு கட்டாயம். போலிப் பெயர்களைப் பிடிக்க என்கிறார்கள். பிடிக்கட்டும். ஆனால் இல்லாத பிள்ளைக்குப் போகிற பாக்கெட்டைப் பிடிக்க மெஷின் இருக்கிறது. இருக்கிற பிள்ளைக்குப் போகாத பாக்கெட்டைக் கண்டுபிடிக்க ஒரு மெஷினும் இல்லை.

கேள்வி: எல்லோரும் எங்களையே குறை சொல்கிறீர்கள். எங்களை யார் எண்ணுவது?
*அங்கன்வாடி டீச்சர், நகரி*

பதில்: குட்டு வாங்கிக்கொண்டேன் டீச்சர், தமிழ்க் குட்டு. ஒருகாலத்தில் பதினொரு ரிஜிஸ்டர் எழுதினீர்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு போனில் போட்டு, போனைத் தூக்கி உங்கள் தலையில் போட்டார்கள். சமைப்பது, எடை பார்ப்பது, பாட்டுச் சொல்லித் தருவது, கர்ப்பிணி வீட்டுக்குப் போவது எல்லாம் செய்துவிட்டு, மாதம் 11,500 ரூபாய் போதாது என்று 2023 டிசம்பர் 12-ல் உட்கார்ந்தீர்கள். எஸ்மா சட்டத்தை வீசியும் எழுந்திருக்காமல் 42 நாள். அந்த 42 நாளில்தான் பல வீடுகளுக்கு அங்கன்வாடி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. ஒருநாள் பூட்டியிருந்தால் வலிக்கிற கதவு, திறந்திருக்கும்போது மதிக்கப்பட வேண்டும்.

கேள்வி: ஒரு பிள்ளை விடாமல் எண்ணுவது நடக்கிற காரியமா?
*ஓய்வுபெற்ற வாத்தியார், திருப்பதி*

பதில்: நடந்த காரியம் ஐயா! போலியோ சொட்டு மருந்தை மறந்துவிட்டீர்களா? இடது கைச் சுண்டு விரலில் மை. விடுபட்ட வீட்டுக் கதவில் சாக்பீஸால் எக்ஸ். ரயிலில், பஸ் ஸ்டாண்டில், சூளையில், திருவிழாக் கூட்டத்தில் என்று பிள்ளையைத் தேடிப் போனார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு நாட்டில் ஒரு பிள்ளைகூடக் காட்டு போலியோவில் விழவில்லை. 2014 மார்ச் 27-ல் சான்றிதழும் வந்தது. இரண்டு சொட்டுக்காக வீடு வீடாகத் தேட முடிந்த அதே அரசாங்கம்தான், ஒரு முட்டைக்காகத் தேட முடியவில்லை என்கிறது. அன்று பிள்ளை வராவிட்டால் அது ஊழியரின் குறை. இன்று பிள்ளை வராவிட்டால் அது பெற்றவர் குறை. மாறியது அந்த ஒரு வரிதான்.

கேள்வி: கணக்கில் உண்மையைச் சொன்னால் ரேஷன் கார்டில் கை வைப்பார்களோ என்று பயம்.
*ஒருவர், நகரி*

பதில்: மக்கள்தொகைக் கணக்கில் நீங்கள் சொல்வதை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியாகவும் காட்ட முடியாது. 1948-ம் ஆண்டுச் சட்டம் அப்படி. பயந்துகொண்டு ஆளை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பிள்ளையை ஒளித்து வைத்து யார் பணக்காரர் ஆனார்?

கேள்வி: பிள்ளைகளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பார்களே பெரியவர்கள்?
*கொள்ளுப்பாட்டி, விஜயபுரம்*

பதில்: கண் பட்டால் உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுவிடலாம் அவ்வா. யார் கண்ணிலும் படாமலே போய்விட்டால், எதைச் சுற்றிப் போடுவது?

கேள்வி: நான் ஒண்ணாங் கிளாஸ். அக்கா எழுதித் தருகிறாள். என் தம்பிக்குக் கேள்வி கேட்க வராது. அவனுக்கு என்ன பதில்?
*ஒரு சிறுமி, நகரி*

பதில்: கேட்க வராதவனுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் கண்ணு. உனக்கு ஒரு வேலை தருகிறேன். கையில் போனோடு யாராவது வாசலில் வந்து “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்பார்கள். பெரியவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிரு. ஒன்று குறைந்தால், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்: “தம்பியும்!”